2028 தைப்பூசத்துக்கு இப்போதே பேசி வைப்போம்

பினாங்கில் தண்ணீர்ப் பந்தல் போடுகிறவர்களும் ரதத்துக்குத் தேங்காய் உடைக்கிறவர்களும் 2028 நாட்காட்டியை ஒருமுறை பார்த்துவிடுங்கள். சீனப் புத்தாண்டு ஜனவரி 26. பதினைந்தாம் நாளான சாப் கோ மே பிப்ரவரி 9. முஸ்லிம்களின் நோன்பு மாதம் ஜனவரி கடைசியிலேயே பிறந்துவிடும். தைப்பூசமும் அதே பௌர்ணமியை ஒட்டித்தான் வருகிறது. 2020-லும் 2023-லும் தைப்பூசமும் சாப் கோ மேயும் ஒரே நாளில் வந்தன, அது நமக்குப் பழக்கம். நோன்பும் கூடச் சேர்வது இன்று பந்தல் நடத்தும் பிள்ளைகள் பலருக்குப் புதிது. நம் பந்தலை நாமே ஒழுங்குபடுத்திக்கொள்ள இதைவிட நல்ல காரணம் வேண்டாம் என்பது என் கருத்து.

முதலில் தேங்காய். பினாங்கு வீதி கோவில் வீட்டிலிருந்து விடியலில் புறப்படும் வெள்ளி ரதம் தண்ணீர்மலை நகரத்தார் கோவிலைச் சேர இரவாகிவிடுகிறது. சில கிலோமீட்டர் தூரம்தான். அர்ச்சனைத் தட்டுக்கும் தேங்காய்க் குவியலுக்கும் நின்று நின்று போவதால்தான் இந்தத் தாமதம். 2017 முதல் தங்க ரதமும் வருகிறது. இரண்டுக்கும் உடைக்கிறோம். சீன அன்பர்கள் குவியலுக்கு முன்னால் ஊதுபத்தி ஏற்றிக் கும்பிட்டு, குடும்பத்தோடு நின்று உடைக்கிறார்கள். அது அவர்களுடைய வேண்டுதல், அதில் யாரும் கை வைக்கக் கூடாது. முறையை மட்டும் எல்லோரும் சரிசெய்ய வேண்டும்.

நன்றாக முற்றிய காயாக, மட்டை முழுக்க உரித்ததாக வாங்குங்கள். ஆட்டினால் உள்ளே தண்ணீர் குலுங்க வேண்டும். இளங்காய் சிதறாது, துள்ளி ஆள்மேல் பாயும். தலைக்குமேல் ஓங்கிச் சாய்வாக எறிவதுதான் பெரிய தவறு, ஓடு கூட்டத்துக்குள் பறக்கிறது. காலை அகட்டி நின்று, ஒரு கை தூரத்துக்கு முன்னால் நேர் கீழே அடியுங்கள். காயின் நடுவயிறு தரையில் பட வேண்டும். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். பிள்ளைகளைக் கயிற்றுக்குப் பின்னால், குறைந்தது மூன்று மீட்டர் தள்ளி நிறுத்துங்கள். ரதம் கண்முன் வந்த பிறகு தொடங்கினால் மண்வாரி இயந்திரம் அள்ளி முடிக்கும்வரை ரதம் காத்துக் கிடக்கும். பத்து நிமிடம் முன்பே முடித்துவிடுங்கள். இயந்திரம் அள்ளுவது பெரிய துண்டுகளை மட்டும்தான். விரல் நகம் அளவு ஓட்டுச் சில்லுகள் தாரோடு ஒட்டிக்கொண்டு கிடக்கும். பின்னால் வெறுங்காலோடு வருகிற பால்குடக்காரர் காலில் ஏறுவது அதுதான். தேங்காய்த் தண்ணீர் பட்ட சாலை வழுக்கவும் செய்யும். ஆகவே ஒவ்வொரு குவியலுக்கும் இரண்டு பேர் துடைப்பத்தோடும் தண்ணீர்க் குழாயோடும் நிற்க வேண்டும். நூறு காய் நேர்ந்தவர்கள் பதினொன்றை உடைத்துவிட்டு மீதியைப் பந்தல் சமையலுக்குக் கொடுத்தாலும் முருகன் ஏற்பான் என்றே நம்புகிறேன்.

பந்தலுக்கு வருவோம். பத்துக் கிலோ அரிசி சுமார் நூறு பேருக்கு வரும். ஒரே உலையில் ஐம்பது கிலோ வடித்து நாள் முழுக்கப் பரிமாறாதீர்கள். நம் ஊர் வெயிலில் ஆறிய சோறு நான்கு மணி நேரத்துக்குமேல் தாங்காது, தேங்காய்ச் சட்னி அதற்கும் முன்பே நொந்துவிடும். மூன்று வேளையாகப் பிரித்துச் சமையுங்கள். மோருக்கு ஒரு லிட்டர் தயிர், நான்கு லிட்டர் தண்ணீர், இஞ்சி, கறிவேப்பிலை, நான்கு தேக்கரண்டி உப்பு. மீன் பெட்டிக்கு வரும் கட்டிப் பனியை அதில் போடவே கூடாது.

இதில் பலர் யோசிக்காத ஒன்று உண்டு. சாமிக்குப் படைத்ததை முஸ்லிம்களில் பெரும்பாலோர் ஏற்கமாட்டார்கள், கிறிஸ்தவர்களிலும் அப்படிப் பலர் உண்டு. அது நம்மை அவமதிப்பதல்ல, அவர்கள் மார்க்கம். ஆகவே பிரசாதத்துக்குத் தனி மேசை, படைக்காத உணவுக்குத் தனி மேசை வையுங்கள். எது எது என்று மலாயிலும் எழுதி ஒட்டுங்கள். நோன்பு நாளில் பகலில் பந்தலை மூட வேண்டியதில்லை, வழிப்போக்கரைக் கையைப் பிடித்து இழுத்துக் கொடுக்காமல் இருந்தால் போதும். மாலை ஏழரை மணியளவில் நோன்பு துறப்பார்கள். காவலுக்கு நிற்கும் போலீஸ்காரர், குப்பை அள்ளும் தொழிலாளி எல்லாம் அந்த நேரத்தில் சாலையில்தான் இருப்பார்கள். மூடி திறக்காத தண்ணீர்ப் போத்தல், பேரீச்சம்பழம், வாழைப்பழம் ஆகியவற்றை ஏழு மணிக்கே அவர்கள் கையில் சேர்த்துவிடுங்கள். இவற்றை வாங்க யாரும் தயங்கமாட்டார்கள்.

ஒலிபெருக்கியைப் பற்றிக் கடுமையாகவே சொல்கிறேன். காவடிக்கு உறுமியும் பாட்டும் போதும். ஆளுயரப் பெட்டியில் சினிமாப் பாட்டு போடுவது எந்த நாளிலும் தப்பு. பள்ளிவாசலை ஒட்டிய பந்தல்கள் பாங்கு நேரத்திலும், இஷா என்னும் இரவுத் தொழுகைக்குப் பின் நோன்பு மாதத்தில் நடக்கும் தாராவீஹ் தொழுகை முடியும்வரையிலும் பெட்டியை அணைத்துவிட வேண்டும். உத்தரவு வரும் என்று காத்திராமல், 2027 நோன்பின்போதே பந்தலுக்கு இருவர் போய்ப் பள்ளிவாசல் நிர்வாகத்தைப் பாருங்கள். தொழுகை எத்தனை மணிக்கு முடிகிறது, வாகனங்கள் எந்தப் பக்கம் நிற்கின்றன என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ரதம் வரும் நேரத்தை அவர்களிடம் சொல்லி, ஒரு கைப்பேசி எண்ணையும் கொடுத்துவிட்டு வாருங்கள்.