சூட்டுக்குக் காரணம் ஆர்பிஎம் அல்ல

"டிரெய்லர் இழுத்துக்கொண்டு ஏற்றம் ஏறும்போது ஆர்பிஎம் கூடினால் கியர்பாக்ஸ் சூடாகும், மேல் கியரிலேயே போங்கள்" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். ஆட்டோமேட்டிக் பிக்கப்பில் விஷயம் தலைகீழ். கியர்பாக்ஸ் எண்ணெயைக் காய்ச்சுவது பெரும்பாலும் டார்க் கன்வர்ட்டரின் (இன்ஜின் சக்தியை எண்ணெய் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்) வழுக்கல்தான். மேல் கியரில் இன்ஜின் திணறினால் கன்வர்ட்டரை வழுக்காமல் பூட்டிவைக்கும் லாக்அப் கிளட்ச் விட்டுவிடும். கவனித்துப் பாருங்கள்: வேகம் அப்படியே இருக்கும், கியரும் மாறியிருக்காது, ஆனால் ஆர்பிஎம் முள் மட்டும் சில நூறு மேலே போய் மிதக்கும். சூடு ஏறுவது அங்கேதான். டோ/ஹால் மோடு (பாரம் இழுப்பதற்கான அமைப்பு) போட்டு, ஒரு கியர் இறக்கி, வேகத்தையும் கொஞ்சம் குறைத்தால் லாக்அப் பிடித்து நிற்கும். இன்ஜின் கத்தும், கத்தட்டும். அரிசோனாவின் டேவிஸ் டேம் ஏற்றத்தில் ஏசியை முழுதாக வைத்து நடத்தும் எஸ்ஏஇ (வாகனப் பொறியாளர்கள் அமைப்பு) வகுத்த ஜே2807 இழுவைச் சோதனையிலும் வண்டிகள் கத்திக்கொண்டுதான் ஏறுகின்றன.

அப்புறம், கியர்பாக்ஸ் எண்ணெய் 120 டிகிரி செல்சியஸைத் தொட்டால் ஓரங்கட்டுவது சரி. ஆனால் உடனே ஆஃப் செய்யாதீர்கள். இன்ஜினோடு சேர்ந்து பம்ப் நின்றால் எண்ணெய் கூலருக்கே போகாது. பார்க்கில் போட்டு 1,200 ஆர்பிஎம் அளவில் ஓடவிடுங்கள்.

மேனுவல் லாரிக்கு இதெல்லாம் பொருந்தாது, அதில் கன்வர்ட்டரே இல்லை.