நானூறு புள்ளியும் மூன்று நாளும்

பாளையங்கோட்டையில் நானும் கல்லிடைக்குறிச்சியில் ஒரு தம்பியும் ஏழு மாதமாக ஆடிவந்த சதுரங்கம் போன வாரம் டிராவில் முடிந்தது. ஒரு நகர்த்தலுக்கு மூன்று நாள் கெடு. முன்பு தபால் கார்டில் எழுதிப் போடுவார்கள், நாங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பினோம். புத்தகம் பார்க்கலாம், கணினியைக் கேட்கக் கூடாது. சர்வதேசத் தபால் சதுரங்கக் கூட்டமைப்பு கணினியை அனுமதிக்கிறது. எங்களுக்கு வேண்டாம் என்று முதலிலேயே பேசிக்கொண்டோம்.

என் ரேட்டிங், அதாவது ஆட்ட பலத்தைக் காட்டும் எண், 1850, அவருக்கு 1450. "அவன்கூட ஆடி உமக்கு என்ன வே லாபம்?" என்று கேட்காத ஆள் இல்லை. ரேட்டிங் போடும் எலோ கணக்குப்படி 400 புள்ளி வித்தியாசம் இருந்தால், வெற்றிக்கு ஒன்று, டிராவுக்கு அரை என்று எண்ணி, பதினோரு ஆட்டத்தில் பத்து எனக்கு வர வேண்டும். ரேட்டிங் போட்டியில் ஜெயித்தால் என் ரேட்டிங் இரண்டு புள்ளிகூட ஏறாது, தோற்றால் பதினெட்டு இறங்கும். இந்தப் பயத்தில்தான் பெரிய ரேட்டிங்காரர்கள் சின்னவர்களோடு ஆடாமல் ஒதுங்குகிறார்கள். எனக்கு அது பிடிக்கவே இல்லை. அந்த 400, கடிகாரம் ஓடும்போது எடுத்த அளவு. மூன்று நாள் கொடுத்துப் பாருங்கள், அப்புறம் பேசுவோம்.

கடைசியில் ஆளுக்கு ஒரு யானை, எனக்கு மட்டும் நடுவில் ஒரு சிப்பாய். தோல்வியை ஒப்புக்கொள்வார் என்று காத்திருந்தேன். அவரோ தன் பக்கத்திலிருந்து மூன்றாவது வரிசையில் யானையை நிறுத்திவிட்டு, என் ராஜாவை உள்ளே விடவே இல்லை. வேறு வழியின்றிச் சிப்பாயை அந்த வரிசைக்குத் தள்ளினேன். உடனே யானை என் பக்கக் கடைசி வரிசைக்கு இறங்கி, பின்னாலிருந்து செக் மேல் செக். என் ராஜாவுக்கு ஒளிய இடமில்லை. 18ஆம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சு சதுரங்க மேதை பிலிடோர் சொன்ன தற்காப்பு இது. அந்தப் பெயரைத் தம்பி நான் சொல்லித்தான் கேட்டார்!

ஞாயிற்றுக்கிழமை தம்பி வீட்டுக்குப் போயிருந்தேன். அப்பளக் கம்பெனியில் வேலை, வெயில் இருக்கும்வரை போனைத் தொட முடியாது. ராத்திரிதான் பலகை. நோட்டை எடுத்துக் காட்டினார். யானையை மூன்றாவது வரிசையில் நிறுத்திய அந்த ஒரு முடிவுக்கு நாலு பக்கம். யானையைத் தன் கடைசி வரிசைக்கு இழுத்த வழிகள் எல்லாவற்றின் கீழேயும் "தோல்வி", "தோல்வி" என்று பென்சிலில் எழுதி அடித்திருந்தார். நாலாம் பக்கத்தின் அடியில் மட்டும் "இங்கேயே நிற்கட்டும்".

"எப்படிப்பா பிடிச்ச?"

"மூணு நாள் இருந்துச்சுல்லா அண்ணாச்சி."

அடுத்த ஆட்டம் நேற்றுத் தொடங்கியாச்சு. இந்த முறை அவருக்கு வெள்ளை.