பிள்ளையை அழவிட்டவள் எழுதுவது

போன வாரம் ஒரு விருந்தில் பெரியவர் ஒருவர் சொன்னார்: "இந்த ஊர்க்காரங்க கைக்குழந்தையைத் தனியா படுக்கப் போட்டு, அழவிட்டே தூங்கப் பழக்குவாங்களாமே. கல்நெஞ்சு!" எல்லாரும் தலையாட்டினார்கள். நான் பாயசக் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மெல்போர்னில் அதையே செய்தவள் நான்.

மூத்தவனுக்கு அப்போது எட்டு மாதம். ராத்திரி ஆறு தடவை எழுவான். ஒவ்வொரு தடவையும் பால், தோள், தட்டிக்கொடுத்தல். கணவர் ஐந்தரைக்கே வேலைக்குக் கிளம்ப வேண்டும் என்பதால் ராத்திரி முழுக்க என் கணக்கு. ஒரு விடியற்காலை சோபாவில் பால் கொடுத்தபடியே தூங்கிவிட்டேன். விழித்தபோது பிள்ளை என் கைக்கும் சோபாவின் சாய்வுக்கும் நடுவே சரிந்து கிடந்தான். மூச்சு வருகிறதா என்று மூக்கில் விரல் வைத்துப் பார்த்தேன். வந்தது. பிள்ளையோடு தூங்கிப்போவதற்கு சோபாவைவிட மோசமான இடம் இல்லை என்று அடுத்த நாள் குழந்தைநலச் செவிலி சொன்னார். அவரிடம் உட்கார்ந்து அரை மணி நேரம் அழுதேன்.

அவர் இரண்டு வழி சொன்னார். பிள்ளையை விழித்திருக்கும்போதே தொட்டிலில் விட்டுவிட்டு வெளியே வந்து, இரண்டு நிமிடம், நான்கு, ஆறு என்று இடைவெளியைக் கூட்டிக்கொண்டே உள்ளே போய்ச் சமாதானப்படுத்துவது ஒன்று. அமெரிக்காவில் பாஸ்டன் மருத்துவர் ரிச்சர்ட் ஃபெர்பர் 1985இல் புத்தகம் எழுதிப் பிரபலமாக்கியதும் இதே மாதிரியான முறைதான். இன்னொன்றுக்கு இங்கே 'கேம்பிங் அவுட்' என்று பெயர். தொட்டில் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வேண்டும். சில நாளுக்கு ஒருமுறை நாற்காலியைக் கதவுப் பக்கம் நகர்த்திக்கொண்டே போக வேண்டும்.

நாங்கள் நாற்காலியை எடுத்தோம். நான் உட்கார்ந்தால் பால் வாசனைக்கு இன்னும் வீறிட்டான். அதனால் கணவர் உட்கார்ந்தார். முதல் ராத்திரி முக்கால் மணி நேர அழுகை. நான் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். வாட்ஸ்அப்பில் கேட்டுக்கொண்டிருந்த அம்மா, "அழவிட்டா தொப்புள் பிதுங்கிடும்டி" என்று தானும் அழ ஆரம்பித்துவிட்டார். ஒன்பதாம் ராத்திரி அவன் ஒரே ஒரு தடவைதான் எழுந்தான். அப்புறம் பத்தாம் மாதம் பல் முளைத்தது, எல்லாம் பழையபடி! திரும்ப முதலிலிருந்து.

பிள்ளை மனம் கெட்டுப்போகும் என்ற பயம் எனக்கும் இருந்தது. தேடிப் படித்தேன். இதே மெல்போர்னில், ஏழு மாதத்தில் தூக்கப் பிரச்சினை இருந்த 326 குழந்தைகளை வைத்து ஒரு ஆய்வு நடந்தது. ஒரு பாதிக் குடும்பங்களுக்கு இந்த இரண்டு முறைகளையும் சொல்லிக்கொடுத்தார்கள், மறுபாதிக்கு இல்லை. பிள்ளைகளுக்கு ஆறு வயது ஆனபோது மறுபடி பார்த்தார்கள். முடிவு 2012இல் வந்தது: மனநலம், நடத்தை, தாயோடு உள்ள ஒட்டுதல், எதிலும் வித்தியாசம் இல்லை. கெடுதலும் இல்லை, நீண்டகால நன்மையும் இல்லை. ஆனால் ஆரம்ப காலத்தில் அம்மாக்களின் மனச்சோர்வு குறைந்திருந்தது. 'அழுகை நின்றாலும் மன அழுத்த ஹார்மோன் குறையவில்லை' என்று அடிக்கடி பகிரப்படும் நியூசிலாந்து ஆய்வில் இருந்தது 25 குழந்தைகள். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழுவே இல்லை. அதற்காக எல்லாரும் செய்யுங்கள் என்று நான் சொல்லவில்லை. ஆறு மாதத்துக்கு முன்னால் செய்யவே கூடாது, அப்போது ராத்திரிப் பால் தேவை. ஆறு மாதத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட குழந்தைகள் தொடர்ந்து ஆறு மணி நேரம் தூங்குவதில்லை என்று கனடாவில் 2018இல் எழுதியிருக்கிறார்கள். என் பிள்ளைக்குக் கோளாறு எதுவும் இல்லை. தூக்கம் இல்லாமல் செத்துக்கொண்டிருந்தது நான்.

யோசித்துப் பார்த்தால், அந்த ஒன்பது ராத்திரியில் பிள்ளை எவ்வளவு மாறினான் என்று எனக்குத் தெரியாது. வீட்டில் மாறியது தெரியும். முதல் தடவையாக ராத்திரி வேலை கை மாறியது. மூன்றாம் நாள் காலையில் கணவர் சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு கிளம்பினார். "தினமும் இப்படியா இருந்த?" என்று கேட்டார். எட்டு மாதம் கழித்து!

இரண்டாமவளுக்கு இந்தப் பாடு இல்லை. அத்தை ஆறு மாத விசாவில் வந்திருந்தார். வாடகை வீட்டுக் கூரையில் கொக்கி அடிக்க முடியாதென்று மெல்போர்னின் டாண்டினாங் பகுதியில் இரும்புக் கால் வைத்த தூளி வாங்கினோம். மல்லாந்து, சமமான கெட்டி மெத்தையில்தான் படுக்க வேண்டும் என்று செவிலி ராத்திரித் தூளிக்கு முகம் சுளித்தார், அது நியாயம்தான். பகல் தூக்கத்துக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து அத்தை 'ஆராரோ' பாடி ஆட்டுவார். ராத்திரி பிள்ளையை மடியில் போட்டுக்கொள்வார், நான் தூங்குவேன். அத்தை ஊருக்குப் போன மறுநாள் பகல், அவள் தூளி ஆடினால்தான் கண்ணை மூடுவேன் என்றாள். அதுவும் பழக்கிய தூக்கம்தானே. ஒரு காலால் தூளியை ஆட்டிக்கொண்டே அலுவலக ஜூம் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தேன்.

விருந்து முடிந்து பாத்திரம் கழுவும்போது அந்தப் பெரியவரின் மனைவி என் பக்கத்தில் வந்து நின்றார். "எங்க மூணு பிள்ளைக்கும் ராத்திரி தூளி ஆட்டினது நான் ஒருத்திதான்மா," என்றார். "இவருக்கு அழுகைச் சத்தமே கேட்டதில்ல."