1947-ல் ஒரு டாலர் ஒரு ரூபாயா?

“சுதந்திரம் கிடைத்தபோது ஒரு டாலருக்கு ஒரு ரூபாய்தான். ஒவ்வொரு பத்தாண்டிலும் சரிந்துகொண்டே வருகிறது. 2030-க்குப் பிறகு இந்த நாட்டுக்கு எதிர்காலமே இல்லை” என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. அதன் முதல் வரியே தவறு.

அன்று ரூபாய் டாலரோடு அல்ல, பிரிட்டிஷ் பவுண்டோடு கட்டப்பட்டிருந்தது: ஒரு ரூபாய்க்கு 1 ஷில்லிங் 6 பென்ஸ். பவுண்டுக்கு 20 ஷில்லிங், ஷில்லிங்குக்கு 12 பென்ஸ். ஆக ஒரு பவுண்டு 13.33 ரூபாய். அதே பவுண்டு அன்று 4.03 டாலர். வகுத்துப் பாருங்கள், ஒரு டாலர் சுமார் 3.31 ரூபாய் வரும். 1949 செப்டம்பரில் பவுண்டோடு சேர்ந்து ரூபாயும் மதிப்புக் குறைக்கப்பட்டு ஒரு டாலர் 4.76 ரூபாய் ஆனது, 1966 ஜூனில் 7.50 ரூபாய். ரிசர்வ் வங்கி இணையதளத்தில் உள்ள அதன் அதிகாரபூர்வ வரலாற்றுத் தொகுதிகளில் இதைச் சரிபார்க்கலாம்.

“அன்று வெளிநாட்டுக் கடன் இல்லை, அதனால்தான் சமம்” என்று சிலர் சொல்லும் விளக்கமும் பொருந்தாது. விகிதத்தைத் தீர்மானித்தது பவுண்டுப் பிணைப்புதான்.

ரூபாயின் மதிப்பு பலமடங்கு குறைந்தது உண்மை. இறக்குமதிச் செலவு அதனால் ஏறும், அந்தக் கவலை நியாயமானது. ஆனால் டாலருக்கு எத்தனை என்ற எண் மட்டும் நாட்டின் நிலையைக் காட்டாது. ஜப்பானில் ஒரு டாலருக்கு நூற்றுக்கும் மேற்பட்ட யென் தரவேண்டும். அது ஏழை நாடல்ல. ரூபாய் சரிந்த அதே காலத்தில் நாடு முன்னேறியும் இருக்கிறது: மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நம் எழுத்தறிவு 1951-ல் 18.33 சதவீதம், 2011-ல் சுமார் 73.

இந்தச் செய்தி வந்தால் தயவுசெய்து பகிராதீர்கள். அனுப்பியவருக்கு மேலேயுள்ள கணக்கை அனுப்புங்கள்.