நைசியாவில் பைபிளுக்கு ஓட்டெடுப்பு நடக்கவில்லை

"கி.பி. 325இல் நைசியா சங்கத்தில் கான்ஸ்டன்டைன் ஓட்டெடுப்பு நடத்தித்தான் பைபிள் நூல்களைத் தேர்ந்தெடுத்தார்" என்று எழுதியிருக்கிறீர்கள். அது தவறு. நைசியா சங்கம் என்பது ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் கூட்டிய ஆயர்கள் மாநாடு. அங்கே பேசியது இயேசு கடவுளால் படைக்கப்பட்டவர் என்ற ஆரியுஸின் போதனை, ஈஸ்டர் தேதி, சபை ஒழுங்கு. சங்கம் இயற்றிய 20 விதிகளில் ஒன்றுகூட நூல் பட்டியல் பற்றியது அல்ல. நற்செய்திகள் நான்குதான் என்று ஆயர் ஐரேனியஸ் சுமார் 180லேயே வாதாடிவிட்டார். புதிய ஏற்பாட்டின் 27 நூல்களும் இன்றுள்ளபடி வரும் பட்டியல் அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியுஸின் 367ஆம் ஆண்டுக் கடிதத்தில் இருக்கிறது. கான்ஸ்டன்டைன் செய்தது, பின்னாளில் பைபிளின் 50 பிரதிகள் எழுதச் சொன்னது. அவ்வளவுதான்.

அப்புறம், சபை அங்கீகரித்ததால்தான் பைபிள் வேதமானது என்று கத்தோலிக்கர்களே சொல்வதில்லை. தூய ஆவியின் ஏவுதலால் எழுதப்பட்டு, கடவுளையே ஆசிரியராகக் கொண்டிருப்பதால்தான் அந்த நூல்களை ஏற்கிறோம் என்று 1870இல் கத்தோலிக்க ஆயர்களின் மாநாடான முதலாம் வத்திக்கான் சங்கம் வெளிப்படையாகவே சொன்னது. அந்த நம்பிக்கையை மறுக்கலாம், தாராளமாக. அதற்கு நைசியாவை இழுக்க வேண்டாம்.