கதவுள்ள ஓர் அறை போதும்

நூலகத்தில் கதை நேரம், கைவினை வகுப்பு என்று நடத்துவதால் வாசிப்பவர்களின் அமைதி கெடுகிறது என்று, நான் படித்த ஒரு கட்டுரையை எழுதியவர் வருந்துகிறார். என்னால் ஏற்க முடியவில்லை. பொது நூலகம் வயது வேறுபாடின்றி எல்லோருக்குமானது என்று யுனெஸ்கோ அறிக்கை 1994-லேயே சொல்லிவிட்டது. 2022-இல் திருத்தியபோதும் அது மாறவில்லை.

சனிக்கிழமைதோறும் பேத்தியைக் கதை நேரத்துக்கு அழைத்துப் போகிறேன். கதை சொல்பவர் பக்கத்தைப் புரட்டாமல் சற்றே நிறுத்துவார். அத்தனை பிள்ளைகளும் அடுத்த படத்துக்காகக் கழுத்தை நீட்டுவார்கள். முடிந்ததும் அதே புத்தகத்துக்கு அடிதடி! அந்தப் பக்கம், பதின்வயதுப் பையன் ஒருவன் எழுபதைத் தாண்டிய அம்மையாருக்குக் கைப்பேசியில் எழுத்தைப் பெரிதாக்கச் சொல்லிக் கொடுக்கிறான். அவர் ஒவ்வொன்றையும் பொறுமையாக நோட்டில் எழுதிக்கொள்கிறார். இதையா நிறுத்தச் சொல்கிறீர்கள்?

சத்தம் வருவது உண்மைதான். கதவுள்ள ஓர் அறையை ஒதுக்கி, நேரத்தை முன்கூட்டியே பலகையில் எழுதிப் போட்டால் தீர்ந்துவிடும். என் மனக்குறை வேறு. வேலைக்குப் போகிறவர்கள் வரக்கூடிய மாலை வேளையில் ஒரு நிகழ்ச்சிகூட இல்லை. என் மகளும் மருமகனும் இதுவரை ஒன்றுக்கும் வந்ததில்லை.