எப்போது நிற்கிறது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை

11,520 ரூபாய். என் பழைய பைக்குக்காக நான்கு மாதத்தில் மூன்று பட்டறைகளில் நான் கொடுத்த பணம். கடைசியில் கெட்டுப்போயிருந்தது கட்டைவிரல் அளவில் ஒரு காயில், அதாவது சின்னக் கம்பிச் சுருள். அதை மாற்ற ஆன செலவு, கூலியோடு சேர்த்து 640. நினைக்க நினைக்க வயிறு எரிகிறது. கொட்டித் தீர்க்காமல் இன்று தூக்கம் வராது.

வண்டி 2009 மாடல். நூறு சிசி, கார்புரேட்டர், கிக்கர். செகண்ட் ஹேண்டில் 22,000 கொடுத்து வாங்கினேன். விற்றவர் ஓட்டிப் பார்க்கத் தாராளமாகக் கொடுத்தார், ஆனால் "பெட்ரோல் கம்மியா இருக்குதுங்க, ரெண்டு தெரு சுத்திட்டு வந்துருங்க" என்றார். அன்றைக்கு அது சாதாரணப் பேச்சாகத் தெரிந்தது. இப்போதுதான் புரிகிறது, இந்த வண்டி இருபது நிமிடம் ஓடிச் சூடேறிய பிறகுதான் நிற்கும் என்பது அவருக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தேதான் இரண்டு தெருவோடு நிறுத்தினார்.

என் மனைவியின் ஊர் தாளவாடிப் பக்கம். அத்தைக்கு உடம்பு சரியில்லாததால் வாரத்துக்கு ஒருமுறையாவது சத்தியமங்கலத்திலிருந்து திம்பம் மலைப்பாதை ஏறிப் போக வேண்டும். 27 கொண்டை ஊசி வளைவு. சுற்றிலும் புலிகள் காப்பகம். இரவு 9 மணிக்கு மேல் வண்டி விட மாட்டார்கள், பகலிலும் வழியில் இறங்கி நிற்கக் கூடாது. யானை எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று சொல்ல முடியாத இடம்.

அங்கேதான் முதல்முறை நின்றது. பண்ணாரி சோதனைச் சாவடி தாண்டி ஒன்பதாவது வளைவில், சாயங்காலம் ஐந்தரை மணிக்கு, மனைவி பின்னால் உட்கார்ந்திருக்க. மிஸ்ஸிங் இல்லை, திணறல் இல்லை, சாவியை ஆஃப் செய்த மாதிரி பட்டென்று அடங்கிப்போனது. கிக்கரை எத்தனை முறை உதைத்தேன் என்று கணக்கே இல்லை. மேலிருந்து இறங்கிய லாரிக்காரர் வேகத்தைக் குறைத்து, "அண்ணா, இங்க நிக்காதீங்க, மேல வளைவுல ரெண்டு நிக்குது" என்று சொல்லிவிட்டுப் போனார். மனைவி என் சட்டையைப் பிடித்துக்கொண்டது இன்னும் தோளில் இருக்கிறது. கால் மணி நேரம் கழித்து ஒரே கிக். ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆனது.

இந்தக் கடைசி வரியில்தான் வண்டியின் நோய் முழுவதும் இருக்கிறது. சூடானால் நிற்கிறது, ஆறினால் ஓடுகிறது. இதை நான் மூன்று பட்டறையிலும் சொன்னேன். மூன்று பேரும் பாதியிலேயே வெட்டினார்கள். "விடுங்க பார்த்துக்கலாம்."

முதல் பட்டறையில் பிளக் மாற்றினார்கள், 120. கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினார்கள், 350. "இப்ப வர்ற பெட்ரோல்ல எத்தனால் தம்பி, அதான் எல்லா வண்டியும் இப்படி" என்று ஒரு விளக்கம் வேறு. 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய வண்டியின் ரப்பர் வாஷரையும் ட்யூபையும் பதம் பார்க்கும், தண்ணீரை இழுக்கும், அதெல்லாம் உண்மைதான். ஆனால் கழற்றிய பிளக் என் கையில் இருந்தது. நுனி நல்ல காப்பிப் பொடி நிறம். கரி படிந்து கறுப்பாக இருந்தால் பெட்ரோல் அதிகம், வெளுத்திருந்தால் குறைவு, எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் ஆயில் உள்ளே வருகிறது. காப்பி நிறம் என்றால் எரிவது சரியாக எரிகிறது. இஞ்சினே எழுதிக் கொடுத்த சீட்டு அது! அதைப் பார்க்காமலே குப்பையில் போடப் போனார்.

இரண்டாவது பட்டறையில், ஸ்பார்க்குக்குக் கரண்டைச் சேர்த்து விடும் சிடிஐ யூனிட்டை மாற்றினார்கள், 650. மறுவாரம் அதே மலையில் அதே மாதிரி நின்றது. திரும்பப் போனால், "அப்ப பேட்டரி வீக்கா இருக்கும்" என்று 1,150-க்கு ஒரு பேட்டரி. இதைத்தான் என்னால் மன்னிக்கவே முடியவில்லை. இந்த வண்டியில் பேட்டரியைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு வந்தாலும் ஸ்பார்க் வரும். இஞ்சினோடு சுழன்று கரண்ட் உண்டாக்கும் மேக்னெட்டுக்குள் இருக்கும் ஒரு காயிலே நூறு வோல்ட்டுக்கு மேல் கரண்ட் எடுத்து சிடிஐக்குக் கொடுக்கிறது. சிடிஐ அதைச் சேர்த்து வைத்திருக்கும். பிஸ்டன் மேலே வரும் நேரம் பார்த்து இன்னொரு சின்னக் காயில், பிக்கப் காயில் என்பார்கள், "இப்போது விடு" என்று சைகை கொடுக்கும். அந்த நொடியில் சேர்த்து வைத்ததெல்லாம் வோல்ட்டை ஏற்றும் ஹெச்.டி. (ஹை டென்ஷன்) காயிலுக்குள் பாய்ந்து பத்தாயிரம் வோல்ட்டைத் தாண்டி பிளக்கில் பொறியாக விழும். இதில் பேட்டரி எங்கே வருகிறது? ஹாரனுக்கும் இண்டிகேட்டருக்கும்தான் அது. இருபது வருடமாக இதே வண்டிகளைப் பிரித்து மாட்டுகிறவருக்கு இது தெரியாதா? தெரியாவிட்டால் அவமானம், தெரிந்தே விற்றிருந்தால் அதைவிடக் கேவலம்.

மூன்றாவது பட்டறை பெரியது. நான்கு பையன்கள், லிப்ட், ஏர் கம்ப்ரஸர். மாஸ்டர் கிக்கரைக் கையால் ஒரு அழுத்து அழுத்திவிட்டு "கம்ப்ரஷன் இல்லைங்க, இஞ்சின் வேலை இருக்கு" என்றார், அதாவது சிலிண்டருக்குள் அழுத்தம் போதவில்லையாம். கேஜ் வைத்துப் பார்த்தாரா என்றால் அந்தப் பட்டறையிலேயே கம்ப்ரஷன் கேஜ் கிடையாது. காலையில் ஆறிக் கிடக்கும் வண்டி ஒரே கிக்கில் எழுகிறது, புகை இல்லை, ஆயில் அளவு குறையவில்லை, நிற்பதற்கு முந்தைய நொடி வரை இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு மலை ஏறுகிறது. இதெல்லாம் கம்ப்ரஷன் போன இஞ்சினின் லட்சணமா? சூட்டில் நிற்பதற்கு இஞ்சின் பக்கம் ஒரே ஒரு நியாயமான சந்தேகம் உண்டு. வால்வுக்கு விட வேண்டிய இடைவெளி குறைந்து டேப்பட் இறுகியிருந்தால் சூடேறும்போது வால்வு முழுதாக மூடாமல் போகும். ஆறிய இஞ்சினில் இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜை விட்டுப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். அதையும் பார்க்கவில்லை. சிலிண்டரைக் கடைந்து போர் போட்டு, புது பிஸ்டன் செட் மாட்டி 7,800 வாங்கினார்கள். கையோடு கார்புரேட்டரையும் புதிதாக மாற்றிவிட்டோம் என்று அதற்கு ஒரு 1,450. நான் மாற்றச் சொல்லவே இல்லை.

அடுத்த ஞாயிறு, வண்டி அதே மலையில் நின்றது.

அன்று இரவு முடிவு செய்தேன், பழுது எது என்று நானே கண்டுபிடிக்காமல் இனி பட்டறைக்குப் போவதில்லை என்று. 250 ரூபாய்க்கு ஒரு மல்டிமீட்டர் வாங்கினேன். பழைய பிளக்கை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். மலையில் சோதனை செய்ய முடியாது, அதனால் கோபி ரோட்டில் வேண்டுமென்றே இரண்டாம் கியரிலேயே ஓட்டி இஞ்சினைக் காய்ச்சினேன். இருபத்து மூன்றாவது நிமிடம் ஒரு டீக்கடை வாசலில் நின்றது. அவ்வளவு சந்தோஷமாக நான் எந்த வண்டியும் நின்று பார்த்ததில்லை.

முதலில் டேங்க் மூடியைத் திறந்தேன். மூடியின் காற்றுத் துளை அடைத்திருந்தால் டேங்கில் வெற்றிடமாகிப் பெட்ரோல் இறங்காது, திறந்ததும் புஸ்ஸென்று காற்று இழுக்கும். சத்தமே இல்லை. கார்புரேட்டரின் அடி ஸ்க்ரூவைத் தளர்த்தினால் பெட்ரோல் நன்றாகக் கொட்டியது. சரி, பெட்ரோல் பக்கம் பழுது இல்லை. அப்புறம் பழைய பிளக்கைக் கேப்பில் செருகி, சிலிண்டர் ஹெட்டில் எர்த் படும்படி வைத்து உதைத்தேன். பொறி இல்லை. துளிகூட இல்லை. சாவி ஸ்விட்ச் ஒயரையும் சிடிஐயிலிருந்து கழற்றிப் பார்த்தேன். இந்த வண்டியில் சாவியை ஆஃப் செய்தால் மேக்னெட் கரண்ட் எர்த்துக்குப் போய்விடும், அவ்வளவுதான். அதனால் அந்த ஒயர் எங்காவது உரசி பாடியில் பட்டாலும் இதே மாதிரி நிற்கும். கழற்றிய பிறகும் பொறி இல்லை. மேக்னெட் சாக்கெட்டைப் பிரித்து மீட்டர் வைத்தேன். பெரிய காயில் ஒழுங்காக ரீடிங் காட்டியது. பிக்கப் காயிலில் மீட்டர் அசையவே இல்லை. உள்ளே எங்கோ கம்பி விட்டுப்போயிருக்கிறது. டீ குடித்துவிட்டு, இருபது நிமிடம் கழித்து அதே இடத்தில் மீட்டர் வைத்தால் நூற்றுச் சொச்சம் ஓம். பிளக்கில் நீல நிறத்தில் டப் டப்பென்று பொறி. சூட்டில் கம்பி விரிந்து விலகுகிறது, ஆறினால் ஒட்டிக்கொள்கிறது.

முழுதாக அரை மணி நேரம்கூட ஆகவில்லை. நான் மெக்கானிக் இல்லை, ஜவுளிக் கடையில் கணக்கு எழுதுகிறவன். எனக்கு அரை மணி நேரத்தில் பிடிபட்டது, இதையே தொழிலாக வைத்திருக்கும் மூன்று பேருக்கு நான்கு மாதத்தில் ஏன் பிடிபடவில்லை? அவர்கள் யாருமே வண்டி நிற்கும்போது பார்க்கவில்லை. ராத்திரி முழுக்கப் பட்டறையில் ஆறிக் கிடந்த வண்டியில் காலையில் ஸ்பார்க் பார்த்தால் இருக்கத்தான் செய்யும். "ஸ்பார்க் சூப்பரா இருக்குதுங்க" என்று ஒவ்வொருவரும் எனக்குக் காட்டினார்கள். காய்ச்சல் விட்டபிறகு தெர்மாமீட்டர் வைத்து உடம்பு நன்றாக இருக்கிறது என்று சொன்ன கதை.

சத்தத்தைக் கேட்டே பழுதைச் சொல்லும் மெக்கானிக்குகள் இருக்கிறார்கள், நானே பார்த்திருக்கிறேன். என் அப்பாவின் மொபெட்டை ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுச் சரிசெய்வார். அவர் முதலில் கேட்பது "எப்போ நிக்குது, எப்படி நிக்குது, நிக்கறதுக்கு முன்னாடி என்ன சத்தம்" என்றுதான். மாற்றுவது கடைசியில்தான். இப்போது மாற்றுவது மட்டுமே தொழிலாகிவிட்டது. ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பது, ஓடினால் அவர் கெட்டிக்காரர், ஓடாவிட்டால் அடுத்த பார்ட்ஸ். அந்த முயற்சிக்கெல்லாம் காசு நம்முடையது. ஒரு நல்ல பிஸ்டனைக் கழற்றி எறிய நானா பணம் கொடுக்க வேண்டும்? 250 ரூபாய் மீட்டர் ஒன்றை வாங்கி ஆணியில் மாட்டி வைக்க ஒரு பட்டறைக்கு என்ன கேடு? மலையில் நின்ற அந்தக் கால் மணி நேரத்தில் யானை இறங்கியிருந்தால் யார் பதில் சொல்வது?

காயில் மாற்றி ஆறு வாரம் ஆகிறது. திம்பம் ஆறு தடவை ஏறி இறங்கிவிட்டது, ஒருமுறைகூட நிற்கவில்லை. ஆனால் லிட்டருக்கு அறுபது கொடுத்த வண்டி இப்போது நாற்பத்தைந்துதான் கொடுக்கிறது. மாட்டியது டூப்ளிகேட் கார்புரேட்டர், எவ்வளவு ட்யூன் செய்தாலும் ஐட்லிங் ஒரே சீராக நிற்கவில்லை. வண்டியோடு வந்த ஒரிஜினல் கார்புரேட்டரைத் திருப்பிக் கொடுங்கள் என்று போய்க் கேட்டேன். "பழசெல்லாம் காயலான் கடைக்குப் போட்டாச்சுங்க" என்றார் மாஸ்டர். அதே நாள் அவர் பின்னால் இருந்த அலமாரியில் கழுவித் துடைத்த பழைய கார்புரேட்டர்கள் ஐந்தாறு வரிசையாக இருந்தன. அதில் மூன்றாவது என்னுடையது, சோக் லீவரில் இருக்கும் வெட்டு எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை எனக்கு லீவு. பழைய பில்லையும் எடுத்துக்கொண்டு மறுபடி போகிறேன், அதை வாங்காமல் அந்த வாசலை விட்டு நகர மாட்டேன்.